டான் ஃப்ரேசர்: பத்து வருஷத் தடை நியாயமா?

கணக்குப்பிள்ளை
2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க நீச்சல் வீராங்கனை கேட்டி லெடெக்கி 800 மீட்டர் ஃப்ரீஸ்டைலை நாலாவது ஒலிம்பிக்கிலும் ஜெயிச்சதிலிருந்து மன்றத்தில் அவர் புராணம்தான் ஓடுது. தப்பில்லை. அமெரிக்காவின் மைக்கேல் ஃபெல்ப்ஸும் 200 மீட்டர் மெட்லியில் (நாலு வகை நீச்சலும் சேர்ந்த பந்தயம்) 2004 முதல் 2016 வரை நாலு தங்கம் எடுத்தவர். ஆனா ஒரே பந்தயத்தை அடுத்தடுத்து மூணு ஒலிம்பிக்கில் ஜெயிக்கலாம்னு முதன்முதலில் செஞ்சு காட்டினவர் பேரை இந்தப் பக்கம் யாரும் எடுத்தே நான் பார்க்கலை. ஆஸ்திரேலிய வீராங்கனை டான் ஃப்ரேசர். 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல், மெல்போர்ன் 1956, ரோம் 1960, டோக்கியோ 1964. அதுக்கு முன்னாடி நீச்சலில் ஆம்பளைங்களிலும் யாரும் செஞ்சது கிடையாது.

அதுவும் எந்தப் பந்தயம்னு பாருங்க. 800-ல் லெடெக்கி பாதித் தூரம் தாண்டினதும் பக்கத்து லேனில் ஆளே இருக்காது. 100-ல் அந்தச் சௌகரியம் கிடையாது. ஸ்டார்ட் கொஞ்சம் தாமதம், டர்ன்ல சுவத்தைச் சரியா உதைக்கலை, அவ்வளவுதான், கதை முடிஞ்சது.

கணக்கு இதோ: ஒலிம்பிக்கில் 4 தங்கம், 4 வெள்ளி. ரிலேயும் சேர்த்து 39 உலக சாதனை. 1956 டிசம்பரில் 100 மீட்டர் சாதனையைக் கையில் எடுத்தவர், 1972 ஜனவரியில் இன்னொரு ஆஸ்திரேலியப் பெண் ஷேன் கூல்ட் 58.5 செகண்டுக்கு நீந்தற வரைக்கும் விடலை. பதினஞ்சு வருஷம். அதில் கடைசி ஏழு வருஷம் அவர் பந்தயத்திலேயே இல்லை. 1965-ல் சொந்த நாட்டு நீச்சல் சங்கமே பத்து வருஷத்துக்குத் தடை போட்டுடுச்சு.

அதைப் பேசத்தான் இந்த இழை. தடை நியாயமா?

தண்ணிப்பாம்பு
கொடி திருடின கேஸ்தானே அண்ணே? ஜப்பான் ராஜா அரண்மனை வாசல்ல போய் கொடியை உருவினா, மாலை போட்டா கூட்டிட்டுப் போவாங்க?

கணக்குப்பிள்ளை
பாம்பு, ஊரே அப்படித்தான் சொல்லுது. சங்கம் குத்தமா எழுதினது வேற.

ஒண்ணு, தொடக்க விழா அணிவகுப்பு. மூணு நாளுக்குள்ள போட்டி இருக்கிறவங்க நடக்கக் கூடாதுன்னு நீச்சல் அணிக்கு உத்தரவு. அவர் போய் நடந்தார். ரெண்டு, ஸ்பான்சர் கம்பெனி கொடுத்த நீச்சலுடை உடம்புக்குச் சரியா உக்காரலைன்னு தன்னோட பழைய உடையைப் போட்டுக்கிட்டு நீந்தினார். இதுதான் குற்றப்பத்திரிகை.

கொடி விவகாரம் நடந்தது உண்மை. அரண்மனைக்கு வெளியே கட்டியிருந்த ஒலிம்பிக் கொடி ஒண்ணை ராத்திரியில் கழட்டப் போய் போலீஸ்கிட்ட மாட்டினாங்க. யாருன்னு தெரிஞ்சதும் வழக்கு எதுவும் போடாம விட்டுட்டாங்க. அந்தக் கொடியை அவருக்கே நினைவுப் பரிசா கொடுத்தும் அனுப்பினாங்க. நிறைவு விழாவில் ஆஸ்திரேலியக் கொடியைத் தூக்கிட்டு முன்னால நடந்தவரும் அவர்தான்.

தண்ணிப்பாம்பு
கொடி திருடினவங்க கையிலயே கொடியா! நல்ல கூத்து.

சிட்னி சிவா
நான் சிட்னியிலைதான் இருக்கிறன். டான் பிறந்த பால்மெய்னுக்கு அடிக்கடி போறனான், அதாலை அந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லலாம்.

இப்ப அங்கை வீடு வாங்கிறதெண்டால் மில்லியன் கணக்கிலை காசு வேணும். ஆனால் டான் பிறந்த 1937-இலை அது துறைமுகத் தொழிலாளியளின்ர இடம். கப்பல் பட்டறையும் சவர்க்காரத் தொழிற்சாலையும் இருந்த ஊர். லேபர் கட்சி பிறந்ததே தங்கடை ஊரிலைதான் எண்டு பால்மெய்ன் ஆக்கள் இண்டைக்கும் பெருமை கதைப்பினம். தகப்பன் ஸ்கொட்லாந்திலை இருந்து வந்தவர், கப்பல் வேலை தெரிஞ்ச மனுசன். எட்டுப் பிள்ளையளிலை இவ கடைசி. சின்னனிலை இருந்தே ஆஸ்துமா. அண்ணன் டொன்தான் தண்ணிக்குள்ளை இறக்கிப் பழக்கினவர். அவர் இள வயசிலையே லுக்கீமியாவிலை செத்துப்போனார்.

நீந்திப் பழகின குளத்தை நீங்கள் பார்க்க வேணும். எல்கிங்டன் பூங்காவுக்குக் கீழை, துறைமுகத் தண்ணியையே மரத்தாலை வளைச்சுக் கட்டியிருக்கினம். 1880களிலை கட்டினது. வெள்ளையும் நீலமும் அடிச்ச பலகைக் கட்டடம் சுத்திவர. வத்தும் பெருக்கும் உள்ளையும் வரும். வத்து நேரம் போனால் கரைப்பக்கம் தண்ணி இடுப்புக்குக் கீழை. அடி தெரியாத பச்சைத் தண்ணி. ஒலிம்பிக் குளத்திலை மாதிரி அடியிலை கறுப்புக் கோடு பார்த்து நேர நீந்தேலாது. மரக்கட்டையிலை சிப்பி ஒட்டியிருக்கும், தெரியாமல் கை வைச்சால் கீறும். அங்கை நீந்திக்கொண்டிருந்த பெட்டையைத்தான் ஹரி கலகர் எண்ட பயிற்றுநர் கண்டு பிடிச்சவர். 1964-இலை அந்தக் குளத்துக்கே அவவின்ர பேரை வைச்சினம்.

ஒரு பகிடி என்னெண்டால், குளத்துக்குப் பேர் வைச்சு அடுத்த வருசமே தடை.

உமையாள்
சிவா அண்ணா, அருமை. அந்தச் சிப்பி விஷயம் எந்தப் பத்திரிகையிலும் வராது.

நான் பிள்ளைங்களுக்கு நீச்சல் சொல்லிக் கொடுக்கிறவள். அந்த நேரங்களைப் பார்த்தா எனக்கு வேற மாதிரி தெரியும். 1936-ல் நெதர்லாந்தின் வில்லி டென் ஔடன் 1:04.6-க்கு நீந்தினாங்க. அந்தச் சாதனை இருபது வருஷம் அசையலை. 1956 பிப்ரவரியில் டான் வந்து 1:04.5-ன்னு ஒரே ஒரு பத்தில் ஒரு பங்கு குறைச்சாங்க. அதே வருஷக் கடைசியில் மெல்போர்ன் ஃபைனலில் 1:02.0. இருபது வருஷம் நகராத முள்ளு, பத்து மாசத்தில் ரெண்டரை செகண்டு நகர்ந்தது! அவங்க மட்டும் தனியா செஞ்சதில்லை, லொரெய்ன் க்ராப் கூடவே இருந்தாங்க. அந்த ஃபைனலில் க்ராப் 1:02.3. மூணாவதும் ஆஸ்திரேலியாதான், ஃபெய்த் லீச். 400 மீட்டரில் க்ராப் தங்கம், டான் வெள்ளி. நல்ல எதிரி பக்கத்து லேனில் இருந்தா கோச்சுக்குப் பாதி வேலை மிச்சம்.

அப்புறம் அந்த ஒரு நிமிஷம். ஆம்பளைங்களில் ஜானி வைஸ்முல்லர் 1922-லேயே ஒரு நிமிஷத்துக்குள்ள வந்தாச்சு. பெண்களுக்கு நாற்பது வருஷம் ஆச்சு. 1962 அக்டோபர் 27, மெல்போர்ன், 59.9. அதுவும் 110 கெஜத்துக்கு. 110 கெஜம்னா 100 மீட்டரை விட அரை மீட்டர் கூட. கூடுதல் தூரம் நீந்தி நிமிஷத்தை உடைச்சாங்க. 1964 பிப்ரவரியில் 58.9 வரைக்கும் இறக்கினாங்க.

என்கிட்ட ஆஸ்துமா உள்ள பிள்ளைங்க ரெண்டு பேர் இருக்காங்க. பம்பு பையில் வெச்சுக்கிட்டு வருவாங்க. அவங்க அம்மாக்கள் கவலைப்படும்போது நான் சொல்ற முதல் பேர் இதுதான்.

வழிப்போக்கன்
கணக்குப்பிள்ளை சார், ஒரு சின்ன விஷயம். லெடெக்கி பக்கத்தில் ஆளே இருக்காதுன்னு எழுதியிருக்கீங்க. பாரிஸில் டிட்மஸ் ஒரு செகண்டு சொச்சத்தில் பின்னாலேயே வந்தார். அதுவும் ஆஸ்திரேலியாதான்.

மெய்யப்பன்
எல்லாரும் ஒரே திசையில் துடுப்புப் போடுவதால் நான் மறுபக்கம் உட்காருகிறேன்.

நான் பள்ளி, கல்லூரி அணிகளை வெளியூர் அழைத்துச் சென்று பழகியவன். அணி மேலாளர் இடத்திலிருந்து ரோம் 1960-ஐப் பாருங்கள். 100 மீட்டர் தங்கம் வாங்கிய மறுநாள், மெட்லி ரிலே தகுதிச் சுற்றில் பட்டர்ஃப்ளை நீந்தச் சொன்னார்கள். தனக்கு அன்று போட்டி இல்லை என்று நினைத்து வெளியே சுற்றிவிட்டு, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார். முடியாது என்றார். சக வீராங்கனை ஜேன் ஆண்ட்ரூவுடன் வாய்த்தகராறு முற்றி, தலையணையால் அடித்தார். அதன்பிறகு அணியில் யாரும் அவருடன் பேசவில்லை. இது அதிகாரிகளின் கொடுமை அல்ல, கூட இருந்த பிள்ளைகளே ஒதுக்கினார்கள்.

நான்கு வருடம் கழித்து டோக்கியோவில் மறுபடியும் உத்தரவு மீறல். திறமை இருந்தால் விதி தளரும் என்று ஒரு முறை காட்டிவிட்டால், அடுத்து வருகிற பதினான்கு வயதுப் பிள்ளையை மேலாளர் எப்படிக் கட்டுப்படுத்துவார்? தண்டனை தேவைதான். அளவு வேண்டுமானால் பேசலாம்.

பழைய பேப்பர்
மெய்யப்பன் ஐயா சொல்ற "விதி"யோட லட்சணத்தையும் பார்த்துடலாம். அது அமெச்சூர் காலம். விளையாட்டில் ஒரு பைசா கைநீட்டி வாங்கினா நீ தொழில்முறை ஆட்டக்காரன், வெளியே போ. டானுக்கு பதினாலு வயசு இருக்கும்போது, உள்ளூர் சங்கம் ஒண்ணில் நீந்தி, ரெண்டு ஷில்லிங் போலச் சில்லறைப் பரிசு வாங்கினதுக்காக தொழில்முறை ஆட்டக்காரின்னு சொல்லி ஒதுக்கி வெச்சாங்க. ரெண்டு ஷில்லிங்! எட்டுப் பிள்ளை வீட்டில் அது என்னன்னு சங்கத்தில் கோட்டுப் போட்டு உக்காந்திருந்தவங்களுக்குத் தெரியுமா?

கலகர் பயிற்சிக்காக அடிலெய்டுக்கு மாறினப்போ அவரும் பின்னாலேயே போய், கடையில் வேலை பார்த்துக்கிட்டு நீந்தினார். விடியுமுன்னே குளம், பகலெல்லாம் நின்ன கால் கடுக்க வேலை, சாயந்தரம் மறுபடி குளம். அந்த அமெச்சூர் சட்டம் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஒண்ணும் செய்யாது. வேலைக்குப் போற வீட்டுப் பிள்ளையைத்தான் பிடிக்கும்.

இப்ப அந்த நீச்சலுடைக் குற்றத்தைத் திரும்பப் படிங்க. வீராங்கனை ரெண்டு ஷில்லிங் வாங்கக் கூடாது. ஆனா சங்கத்துக்கு உடை கொடுத்த கம்பெனிக்காக அவர் உடம்பை உறுத்தற உடையைப் போட்டுக்கிட்டு நீந்தணும். யார் அமெச்சூர், யார் தொழில்முறை?

தண்ணிப்பாம்பு
பேப்பர் அண்ணே, கடைசி வரிக்கு ஒரு சல்யூட்.

மெய்யப்பன்
வரி நன்றாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அணிவகுப்புத் தடைக்கு மருத்துவக் காரணம் உண்டே. மணிக்கணக்கில் வெயிலில் நின்றால் கால் கனக்கும். மூன்றாம் நாள் போட்டி. எந்த நாட்டு நீச்சல் பயிற்றுநரும் இன்றும் அதைத்தான் சொல்வார்.

உமையாள்
ஐயா, நான் கோச்சா இருந்தா நானும் நிக்காதேன்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா அவங்க நடந்தாங்க, அப்புறம் ஜெயிச்சாங்க. 59.5, ஒலிம்பிக் சாதனை. ரெண்டாவது வந்தது பதினஞ்சு வயசு ஷேரன் ஸ்டௌடர், 59.9. உலகத்திலேயே ஒரு நிமிஷத்தை உடைச்ச ரெண்டாவது பெண் அந்தப் பொண்ணு. 27 வயசில், அணியில் மத்தவங்க கிழவின்னு கிண்டல் பண்ற வயசில், அவ்வளவு நெருக்கத்தில் விரட்டி வந்தவளைப் பின்னால வெச்சாங்க.

அதைவிட முக்கியமானதை இன்னும் யாரும் எழுதலை. டோக்கியோவுக்கு ஏழு மாசம் முன்னாடி, 1964 மார்ச்சில், அவங்க ஓட்டிப் போன கார் நின்னுக்கிட்டிருந்த லாரியில் மோதிச்சு. அம்மா இறந்துட்டாங்க. கூட இருந்த அக்கா மயக்கத்தில் கிடந்தாங்க. இவங்களுக்குக் கழுத்து எலும்பில் முறிவு, வாரக்கணக்கில் கழுத்துக்கு மாவுக்கட்டு. கழுத்து திரும்பாம ஃப்ரீஸ்டைலில் மூச்சு எடுக்க முடியாது. ஒவ்வொரு மூச்சுக்கும் தலை பக்கவாட்டில் திரும்பியாகணும். அந்தக் கழுத்தோட, வண்டி ஓட்டினது நான்தாங்கற நினைப்போட, மறுபடி தண்ணிக்குள்ள இறங்கினாங்க. தொடக்க விழாவில் நடக்கணும்னு அவங்களுக்கு ஏன் அப்படித் தோணுச்சுன்னு எனக்குப் புரியுது. மூணாவது ஒலிம்பிக், இன்னொண்ணு கிடைக்குமோ என்னவோ.

பழைய பேப்பர்
தடை அறிவிச்ச நேரத்தையும் சேர்த்துக்குங்க. 1965 ஜனவரியில் கல்யாணம். தேனிலவு முடியறதுக்குள்ள சேதி வந்தது. 1964-க்கான "ஆண்டின் ஆஸ்திரேலியர்" விருதும் அதே ஆளுக்குத்தான். ஒரு கையால் விருது, மறு கையால் குட்டு.

தண்ணிப்பாம்பு
சரி, என் கேள்வி. தடை இல்லைன்னா மெக்சிகோ 1968-ல் நாலாவது தங்கம் வந்திருக்குமா? கணக்கு அண்ணே, வாங்க.

கணக்குப்பிள்ளை
இதுக்குத்தான் காத்திருந்தேன்.

மெக்சிகோவில் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் தங்கம் அமெரிக்காவின் ஜேன் ஹென்னுக்கு. நேரம் சரியா ஒரு நிமிஷம், 1:00.0. டான் நாலு வருஷம் முன்னாடி டோக்கியோவில் நீந்தினது 59.5. உலக சாதனை அப்பவும் டானோட 58.9-தான்.

மறுபக்கம் என்னன்னா, மெக்சிகோ நகரம் கடல் மட்டத்துக்கு மேல 2240 மீட்டர். காத்து இளைப்பு. 100 மீட்டரில் கடைசி 25 அங்கே எல்லாருக்கும் நரகம்தான், ஆஸ்துமாக்காரிக்குக் கேக்கவே வேணாம். வயசு 31. அதனால "நிச்சயம் ஜெயிச்சிருப்பார்"னு நான் எழுத மாட்டேன். ஆனா 1:00.0-க்குத் தங்கம் கிடைச்ச பந்தயம் அது. அவர் ஃபைனலுக்கு வந்து நின்னிருந்தா பக்கத்து லேன்காரங்க கை நடுங்கியிருக்கும்.

தடையை 1968-ல் நீக்கினாங்க. மெக்சிகோவுக்குத் தயாராக நேரம் இல்லாத கட்டத்தில். பத்து வருஷம்னு போட்டு நாலு வருஷத்துக்குள்ளேயே எடுத்ததே, பத்து அதிகம்னு அவங்களுக்கே தெரிஞ்சதுக்கு அத்தாட்சி இல்லையா?

மீனா_திருச்சி
இவ்வளவு நேரம் படிச்சிட்டு எழுதறேன். அந்தம்மா மேல மரியாதை உண்டு. ஆனா 2015-ல் தொலைக்காட்சியில் பேசினதை மறைச்சிட்டுப் புராணம் பாட வேண்டாம். டென்னிஸ் வீரர்கள் நிக் கிர்கியோஸும் பெர்னார்ட் டோமிக்கும் ஒழுங்கா நடந்துக்கலைன்னா அவங்க அப்பா அம்மா வந்த நாட்டுக்கே போகட்டும்கிற அர்த்தத்தில் பேசினாங்க. கிர்கியோஸ் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். அப்பா கிரேக்கர், அம்மா மலேசியாவிலிருந்து வந்தவங்க. வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கிற நம்ம ஆளுங்களுக்கு அந்தப் பேச்சு எப்படி இருக்கும்?

தண்ணிப்பாம்பு
வயசான காலத்துல ஏதோ வாய் தவறி...

மீனா_திருச்சி
வயசுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. அவங்க அப்பாவே ஸ்காட்லாந்திலிருந்து கப்பல் ஏறி வந்தவர்னு சிவா அண்ணா மேல எழுதியிருக்கார். "விதியை மீறினாள்"னு இளமையில் தன்னை ஒதுக்கினப்போ வலிச்சது இல்லையா? அதே "ஒழுங்கா நடந்துக்கோ" குச்சியை அடுத்த தலைமுறை மேல ஓங்கறாங்க. எனக்கு அதுதான் ஆறலை.

சிட்னி சிவா
மீனா தங்கச்சி சொல்லுறது சரி. இஞ்சை அது பெரிய பிரச்சினையா வெடிச்சது. அண்டைக்கே மன்னிப்புக் கேட்டவ. எங்கட ஆக்களிலை கனபேருக்கு அதுக்குப் பிறகு அவவிலை ஒரு கசப்பு. எனக்கும்தான். குளத்திலை நீந்தேக்குள்ளை பேர்ப்பலகையைப் பார்த்தால் ரெண்டும் ஒண்டாய்த்தான் ஞாபகம் வரும்.

அவவின்ர வாழ்க்கையிலை நீச்சலுக்குப் பிறகு நடந்ததும் கன விசயம் இருக்கு. கலியாணம் நிலைக்கேல்லை. ஒரு மகள். பால்மெய்னிலையே ஒரு மதுச்சாலை நடத்தினவ. 1988-இலை சுயேச்சையாய் நிண்டு மாநிலப் பாராளுமன்றத்துக்குப் போனவ. லேபரின்ர கோட்டை எண்டு சொன்ன பால்மெய்ன் தொகுதியிலை லேபரை வெண்டு. ஆனால் தொகுதி எல்லையை மாத்தினாப் பிறகு 1991-இலை தோற்றுப்போனா. சிட்னி ஒலிம்பிக் தொடக்க விழாவிலை தீபம் அரங்குக்குள்ளை வந்தாப் பிறகு கைமாத்தின பெண்களிலை இவவும் ஒராள். துறைமுகத்திலை ஆக்களை ஏத்தி ஓடின ரிவர்கட் படகு ஒண்டுக்கும் இவவின்ர பேர்தான் வைச்சினம்.

மட்டுறுத்துநர்
நடுவில் இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. கருத்தோடு மோதுங்கள், ஆளோடு வேண்டாம்.

மெய்யப்பன்
கணக்குப்பிள்ளை அத்தாட்சி கேட்டார். நான்கு வருடத்துக்குள் நீக்கியது கருணையாகவும் இருக்கலாமே. என் தீர்ப்பு: ஆறு மாதம், போனால் ஒரு வருடம். அதற்குமேல் போட்டது தண்டனை அல்ல, வன்மம். ஆனால் பூஜ்யம் என்று யாராவது சொன்னால் இன்னும் நான் சண்டைக்குத் தயார்.

பழைய பேப்பர்
பூஜ்யம்.

மெய்யப்பன்
எதிர்பார்த்தேன்.

உமையாள்
சண்டைக்கு நடுவில் ஒண்ணு. அந்தத் தடையில் டான் மட்டும் இல்லை. தொடக்க விழாவில் நடந்ததுக்காக இன்னும் மூணு பெண்களுக்கும் தண்டனை. லிண்டா மெக்கில்லுக்கு நாலு வருஷம், மார்லின் டேமனுக்கும் நேன் டங்கனுக்கும் மூணு மூணு வருஷம். டானுக்காவது மூணு ஒலிம்பிக் கையில் இருந்தது. டேமன் அப்போ பள்ளிக்கூட வயசுப் பொண்ணு. பெரிய பேர் ஒருத்தரைப் பிடிக்கப் போட்ட வலையில் சின்ன மீனெல்லாம் மாட்டினது. அவங்களைப் பத்தி இழை ஆரம்பிக்க யாரும் இல்லை. மெய்யப்பன் ஐயா, ஒரு வருஷத் தீர்ப்பு அவங்களுக்கும் சேர்த்தா?

மெய்யப்பன்
அவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் போதும். மூத்தவர் நடந்தால் இளையவர் பின்னால் நடப்பது இயல்பு.

கணக்குப்பிள்ளை
லிண்டா மெக்கில் சும்மா இருக்கலை. குளத்தில் நீந்தத்தானே தடைன்னு கடலுக்குப் போய், அதே 1965-ல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். ஆஸ்திரேலியர்களில் அதைச் செஞ்ச முதல் ஆள். பின்னால ஹாங்காங் தீவையும் சுத்தி நீந்தினவர்.

தண்ணிப்பாம்பு
அண்ணே, அதுக்குத் தனி இழை போடுங்க. நான் முதல் ஆளா வந்து உக்காந்துக்கறேன்.